மரியாதைப் பதில்

ஏப்ரல் இருபதாம் தேதி காலை மனிதவளப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஏழு பேர் கொண்ட என் அணி ஜூன் முதல் ஆறு பேர் கொண்ட அணியாக இருக்கும் என்றும், கழிக்க வேண்டிய ஆள் யார் என்று நான் சிரமப்பட்டு யோசிக்க வேண்டியதில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. பெயரையும் அவர்களே போட்டிருந்தார்கள். கோகிலவாணி. காரணம்: கடந்த ஜூன் முதல் அணியின் உரையாடலில் பங்கேற்பு பூஜ்யம் சதவீதம். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பேனா படம் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஏப்ரல் முப்பது கடைசி நாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படித்ததும் எனக்குப் பெரிய வருத்தமெல்லாம் வரவில்லை. சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் வேலை தண்ணீர். கோவையைச் சுற்றி நூற்று நாற்பது மேல்நிலைத் தொட்டிகள், அவற்றுக்கு ஏற்றும் மோட்டார்கள். ஆளுக்கு இருபது தொட்டி. திரையைப் பார்த்து மோட்டாரைப் போட வேண்டும், நிறுத்த வேண்டும், குழாய் உடைந்தால் ஆள் அனுப்ப வேண்டும். தொட்டி காய்ந்தால் ஊர் திட்டும், வழிந்தால் கம்பெனி திட்டும். சென்னியப்பன் ஆகிய நான் அணித்தலைவன், வயது ஐம்பத்திரண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு, 2034இல், பீளமேட்டு ஆபீஸ் கட்டடத்தைக் கம்பெனி விற்றுவிட்டது. அன்றிலிருந்து நான் சூலூரில் என் வீட்டு மாடியிலும், தஸ்தகீர் உக்கடத்தில் அவன் வீட்டிலும், கோகிலவாணி கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு பம்ப் ஹவுஸிலும் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். மெர்சியோடு சேர்த்து மீதி நாலு பேரும் நல்லவர்கள்தான், இந்தக் கதைக்கு அவர்கள் அதிகம் தேவைப்பட மாட்டார்கள்.

கட்டடம் போன இடத்தில் பந்தல் வந்தது. பந்தல் என்பது ஒரு பேச்சுத் தளம். அதில் எல்லோரும் பேசலாம் என்பதெல்லாம் பழைய கதை, பேசுவதற்கு ஆயிரம் தளம் இருக்கிறது. பந்தலின் பெருமை, நாம் பேசினால் போதும், அது எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தஸ்தகீரைக் கேட்க வேண்டும். பழைய தளத்தில் மண்டல மேலாளரின் தொப்பையைப் பற்றி அவன் எழுதிய ஒரு வரி, மண்டல மேலாளரே இருக்கும் குழுவில் போய் விழுந்து, ஒரு வருட இன்கிரிமெண்டோடு போனது. பந்தல் வந்த பிறகு அப்படி ஒரு விபத்துகூட நடக்கவில்லை.

இரண்டாவது பெருமை, மரியாதைப் பதில். காலையில் நாற்பது பேர் குட்மார்னிங் போடுவார்கள். யாருக்காவது பதவி உயர்வு வரும், யாருடைய பெரியப்பாவோ காலமாகியிருப்பார். எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் மரியாதை இல்லை, சொல்லிக்கொண்டே இருந்தால் தொட்டி வழிந்துவிடும். நாம் பேசும் முறையைக் கற்றுக்கொண்டு பந்தலே நம் பெயரில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடும். முதல் நாளே எல்லோரும் சம்மதம் கொடுத்தோம். நான் முடிவெட்டிக்கொண்டிருக்கும்போதே மூன்று குடும்பங்களுக்கு இரங்கல் தெரிவித்திருக்கிறேன்.

கோகிலவாணி மேல் எனக்கு என்ன கோபம் என்றால், தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகையைப் பந்தலில் போட்டு, எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஐந்து பேர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போட்டோவுக்கு நின்றார்கள். கோகிலவாணி வரவில்லை. வராதது கிடக்கட்டும், நல்லா இருங்க என்று ஒரு வார்த்தை இல்லை. பதினாறு வருடம் கூட வேலை பார்த்தவள். "அந்தக் கோகிலா புள்ளைக்கு என்னங்க ஆச்சு?" என்று என் மனைவி மண்டபத்திலேயே கேட்டாள். தலைக்கனம் ஆச்சு என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கேட்டாலும் பதில் இல்லை, ஜோக் அடித்தாலும் சிரிப்பு இல்லை. கோகிலா போன ஜூனிலிருந்து ஒரு மாதிரி ஆகிவிட்டாள் என்று நாங்கள் ஆறு பேரும் பேசி முடிவு கட்டியிருந்தோம்.

கையெழுத்தை அன்றைக்கே போட்டிருப்பேன். ஆனால் பதினாறு வருடத்து ஆளை அனுப்பும்போது முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கூடவே, கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுவிடவும் ஆசை இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கிணத்துக்கடவு போனேன்.

பம்ப் ஹவுஸ் வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, வாங் சார்! நெசமாவே வந்துட்டீங்ளா! மரத்தை வெட்டிப்போட்டாங்க, வெயில் நேரா உள்ள அடிக்குதுன்னு நேத்து சாயங்காலம்தானுங் சொன்னேன். 'ஒரு நாளைக்கு வந்து பாக்கறேன் அம்மிணி'ன்னீங்க. அதுக்குன்னு மறுநாளேவா வந்து நிப்பீங்க?"

நேற்றுச் சாயங்காலம் நான் பேரூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். அம்மிணி என்று நான் கூப்பிடுவது என் மகளை மட்டும்தான்.

"உக்காருங் சார். டீ இருக்குது பிளாஸ்குல. அம்மாவுக்குக் கட்டுப் பிரிச்சாச்சுங். கண்ணு நல்லாத் தெரியுதாம். டிவியில ஓடற எழுத்தெல்லாம் படிக்கறாங்கன்னா பாத்துக்கங்களேன். நீங்க சொன்ன மாதிரியே சொட்டு மருந்து நேரத்துக்கு விட்டதுதானுங்."

நான் எந்த மருந்தையும் பற்றிச் சொல்லவில்லை. அவள் அம்மாவுக்குக் கண்ணில் ஏதோ என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஏம்மா, நான் எங்க சொன்னேன்?"

"குரூப்புலதானுங் சார்." ஞாபகமறதிக்காரரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு போனை நீட்டினாள். "இங்க பாருங்."

குழுவின் பெயர் 'அணி 7, அலுவல்'. எங்கள் அதிகாரபூர்வமான குழு. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதில் காலை ஆறு மணிக்கு அவள் குட்மார்னிங் சொல்லியிருந்தாள், ஆறு பேரும் பதில் சொல்லியிருந்தோம். பதினாலாம் நம்பர் மோட்டார் கரண்ட் அதிகம் இழுக்கிறது, மாற்று மோட்டாருக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாள். 'உனக்குத் தெரியாததா அம்மிணி, உனக்குச் சரின்னு பட்டதைச் செய்' என்று நான் சொல்லியிருந்தேன். 'கோகிலாக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று தஸ்தகீர் சொல்லியிருந்தான். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். தினமும் இருந்தது.

"நீங்கெல்லாம் உங்க கஷ்டத்தை ஒரு நாளும் சொல்றதில்லீங் சார்," என்றாள் டீயை ஊற்றிக்கொண்டே. "எப்பவும் என்னைப் பத்தியே விசாரிப்பீங்க. எனக்கே கூச்சமா இருக்கும். எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லுவேன், ஆபீஸ் இருந்தப்பக்கூட எல்லாரும் இவ்ளோ பாசமா இல்லீன்னு. நவம்பர்ல வேலையே வேண்டாமுன்னு இருந்தனே, ஞாபகம் இருக்குங்ளா? நீங்க அன்னிக்குப் பேசலைன்னா நான் இந்நேரம் இங்க இருக்க மாட்டனுங்."

டீயைக் கீழே வைத்தேன். இருந்தாலும் கேட்டேன். "தை மாசம் எங்க பாப்பா கல்யாணத்துக்கு ஏம்மா வரல?"

பிளாஸ்கை மூடிக்கொண்டிருந்த கை நின்றது.

"பாப்பாவுக்குக் கல்யாணமாயிருச்சுங்ளா?" என்றாள். மூடியைத் திருகிவிட்டு, "எங்களுக்குச் சொல்லலீங்ளே சார்," என்றாள். குரலில் குறை எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டதற்கு எனக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று அவளே முடிவு செய்துகொண்டது மாதிரி இருந்தது.

நான் எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் பந்தலில் தேடினேன். 'உங்கள் கவனம் தேவைப்படாத குழுக்கள்: 31' என்று ஒரு மடிப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் பதினேழாவதாக 'அணி 7, அலுவல்'. மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை படித்தேன். பத்து மாதத்துப் பேச்சு. அதில் நான் நல்ல மனிதனாக இருந்தேன். அவள் புருஷன் விட்டுவிட்டுப் போன தேதி வந்தபோது, அந்தத் தேதியைக் குறிப்பிடாமலே அன்றைக்கு முழுவதும் அவளோடு தொட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் அவள் மகளுக்கு எந்தக் கல்லூரி நல்லது என்று யோசனை சொன்னேன். என் சொந்த மகளிடம்கூட இவ்வளவு பொறுமையாக நான் பேசியதில்லை. வெட்கமாக இருந்தது. யாரோ என் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் என்னைவிட நல்ல பெயர் வாங்கி வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் பந்தல் கம்பெனியின் சேவை மையத்துக்கு அழைத்தேன். ரூபன் என்று ஒருவர் பேசினார். சென்னைப் பையன், பதற்றமே இல்லாத குரல்.

"சார், எல்லாத்தையும் செக் பண்ணிட்டேன். பந்தல் சரியாத்தான் வேலை செய்யுது," என்றார்.

"சரியாவா? பத்து மாசமா ஒரு பொம்பளைகிட்ட நாங்க யாருமே பேசலைங்க."

"அதுக்குக் காரணம் ஜூன் ரெண்டு சார். அவங்க பொறந்தநாள். சர்ப்ரைஸ் பண்ணணும்னு அவங்க இல்லாம நீங்க ஒரு குரூப் ஆரம்பிச்சிருக்கீங்க. 'கோகிலா பர்த்டே'ன்னு பேரு. கேக் வெட்டியாச்சு. அப்புறம் அந்த குரூப்பை யாரும் மூடல."

"எப்பவுமே மூட மாட்டோமுங்க. அது பாட்டுக்குக் கெடக்கும்."

"அதான் சார். கெடக்கல. அதுல எல்லாரும் ஜாலியா பேசிட்டிருந்தீங்க. எங்க பதில் சீக்கிரம் வருதோ அங்கதான் பந்தல் மெசேஜை அனுப்பும். அலுவல் குரூப்ல பதில் வர நாப்பது நிமிஷம், பர்த்டே குரூப்ல ஆறு செகண்ட். அதனால நீங்க எது பேசினாலும், ஷிப்ட் ஆனாலும் சரி, கல்யாணப் பத்திரிகை ஆனாலும் சரி, அங்கயே போச்சு. நீங்க எல்லாரும் இருக்காங்கன்னு நெனச்சுப் பேசியிருக்கீங்க. ஒருத்தர் இல்ல. அவங்க பேசினது மட்டும் அலுவல் குரூப்புக்கே போச்சு."

"எங்க எல்லாருக்கும்தானே பொறந்தநாள் கொண்டாடினோம்? எங்களுக்கு ஏன் இப்படி ஆகல?"

"ஆயிருக்கே சார். போன வருஷம் மே அஞ்சு உங்க பொறந்தநாள். அன்னிலேருந்து நீங்க வெளியதான் இருந்தீங்க. மே ஒன்பது தஸ்தகீர் சாரோடது வந்துச்சு. அவர் இல்லாம புது குரூப், அவர் வெளிய, நீங்க உள்ள. மே பதிமூணு இன்னொருத்தர். இப்படியே போகுது. ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன் சார், உங்க டீம்ல எல்லாருமே மே மாசத்துல எப்படி சார் பொறந்தீங்க?"

எங்கள் அணியில் எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். எங்களைப் பெற்றவர்கள் பிறந்த தேதியைக் குறித்து வைக்கிற ஜாதி இல்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொல்லி, ஐந்து வயது முடிந்த மாதிரி ஒரு மே மாதத் தேதியை வாத்தியாரே போட்டுக்கொள்வார். நான் உண்மையில் பிறந்தது ஐப்பசி மழையில் என்று அம்மா சொல்லுவாள். சர்டிபிகேட்டில் மே ஐந்து. கோகிலவாணி சேர வந்த அன்றைக்கு வாத்தியார் என்ன அவசரத்தில் இருந்தாரோ, ஜூன் இரண்டு என்று போட்டுவிட்டார். வரிசையில் கடைசித் தேதி. அவளுக்கு அடுத்த பிறந்தநாள் பதினொரு மாதம் கழித்து என்னுடையதுதான். அதை ரூபனிடம் சொன்னேன். "ஓ, சூப்பர் சார்," என்றார்.

"அப்ப வர்ற மே அஞ்சாம் தேதி அவ தானா உள்ள வந்துருவாளா?"

"கண்டிப்பா சார். நீங்க வெளிய போயிருவீங்க."

கடிதத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் முப்பது. ஐந்து நாள் வித்தியாசத்தில் அவள் வேலை போகவிருந்தது.

"அது சரி தம்பி, அவகிட்ட எங்க பேர்ல பேசினது?"

"மரியாதைப் பதில் சார். ஒருத்தர் பேசி யாருமே பதில் சொல்லலைன்னா அவங்க மனசு கஷ்டப்படும் இல்லையா? சம்மதம் குடுத்திருக்கீங்க எல்லாரும்."

"குட்மார்னிங் சொல்றதுக்குத்தானே குடுத்தோம்?"

"'வாழ்த்து, இரங்கல் போன்றவை'ன்னு இருக்கு சார். மத்ததெல்லாம் அந்த 'போன்றவை'ல வந்துரும்."

"அவ அத்தனை பேசியிருக்கா. பங்கேற்பு பூஜ்யம்னு எப்படிப் போடறீங்க?"

"இன்னொரு மனுஷர் படிச்சாத்தான் சார் பங்கேற்பு. யாரும் படிக்கலையே. நீங்க நேத்து படிச்சீங்க, அதனால இப்ப பூஜ்யம் புள்ளி மூணு ஆயிருக்கும்."

தஸ்தகீரைக் கூப்பிட்டு, மடிப்பைத் திறந்து படி என்று சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து அழைத்தான். எப்போதும் பேச்சோடு பேச்சாகச் சிரிக்கிறவன், அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

"அண்ணா, அவங்கம்மா ஆபரேஷன் அன்னிக்கு நான் தொழுகையில அவங்களுக்காக துஆ கேட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"பாத்தேன்."

"நான் கேக்கலைங்ணா. நான் அன்னிக்கு மேட்ச் பாத்துட்டிருந்தேன்."

"சரி விடு."

"என்னங்ணா விடறது? இப்பத்தான் பள்ளிவாசலுக்குப் போய்க் கேட்டுட்டு வர்றேன். கண்ணு ஏற்கெனவே சரியாயிருச்சு, இருந்தாலும் கேட்டுட்டேன்."

அவளிடம் யார் சொல்வது என்று ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போனில்தான். கடைசியில் தலைவன் நான்தானே என்று என் தலையில் விழுந்தது. பந்தலில் சொல்லாமல் அவள் நம்பருக்கே அழைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கடிதம் வந்ததையும், நான் கையெழுத்துப் போடக் கிளம்பியதையும்.

முடித்ததும் கேட்டாள். "எல்லாமேங்ளா சார்?"

"எல்லாமேதாம்மா."

"நவம்பர்ல நான் அழுதப்ப பேசினதுங்?"

"அதும் நானில்ல."

அவள் ஒரு மோட்டாரை நிறுத்துவது போனில் கேட்டது.

"வேற யாராச்சும் ஒருத்தராச்சும் பேசினீங்ளா? மெர்சிக்கா?"

"இல்லம்மா."

"சரிங் சார்," என்றாள். பிறகு, "வேலை இருக்குமுங்ளா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

"இருக்கும். நான் பாத்துக்கறேன்," என்றேன். அவ்வளவு உறுதியாக நான் யாருக்கும் எதையும் சொன்னதில்லை. செய்த தப்புக்குப் பரிகாரமாக ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

இரண்டு நாள் உட்கார்ந்து மனிதவளத்துக்குப் பதில் எழுதினேன். மனிதவளத்தில் இப்போது மனிதர்கள் யாரும் கிடையாது, இருந்தாலும் உருக்கமாகவே எழுதினேன். பிறந்தநாள் குழு எப்படி வந்தது, எப்படி மூடப்படாமல் போனது, கோகிலவாணி பேசிக்கொண்டேதான் இருந்தாள் என்பதற்குச் சாட்சியாக அந்த அலுவல் குழுவின் மொத்தப் பேச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் எப்பேர்ப்பட்ட வேலைக்காரி என்று நிரூபிக்க வேண்டும் என்று எனக்கு வேகம். அவளுடைய இருபது தொட்டிகளில் பத்து மாதமாக ஒன்றுகூடக் காயவில்லை, ஒன்றுகூட வழியவில்லை. எங்கள் ஆறு பேருடைய தொட்டிகளில் வழிந்தவை முப்பத்தொன்று, காய்ந்தவை பன்னிரண்டு. அந்த அட்டவணையையும் சேர்த்தேன்.

"அதை எதுக்குங்ணா போடறீங்க?" என்றான் தஸ்தகீர். "நம்ம தொட்டி வழிஞ்சதை நாமளே எதுக்குத் தம்பட்டம் அடிக்கோணும்?"

"அவ வேலை போகாம இருக்கணுமா வேண்டாமா?"

"இருக்கணும்."

"அப்பப் பேசாம இரு."

ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். பல மாதத்துக்குப் பிறகு எங்களைப் பற்றி எங்களுக்கே நல்ல அபிப்பிராயம் வந்தது.

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி பதில் வந்தது. எங்கள் விரிவான தகவலுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கோகிலவாணியின் பணி உறுதி செய்யப்படுகிறது என்று முதல் பத்தியிலேயே இருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து மனைவியைக் கூப்பிட்டேன். அவள் மாடிப்படி ஏறி வருவதற்குள் இரண்டாம் பத்தியைப் படித்துவிட்டேன்.

நாங்கள் இணைத்த பதிவுகளை அவர்கள் கவனமாகப் பரிசீலித்திருந்தார்கள். அணியில் ஆறு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டு வேலை பார்த்தபோது ஒரு நாளின் எட்டு மணி நேரத்தில் ஐந்து மணி நேரம் பேச்சில் போயிருந்தது. ஒரு பணியாளர் ஆறு மரியாதைப் பதில்களோடு மட்டும் வேலை பார்த்தபோது, முடிவுகளைத் தாமே எடுத்தார், மனநிறைவோடு இருந்தார், தொட்டிகள் பழுதின்றி இயங்கின. இந்த முறை நிறுவனத்துக்கு இதுவரை தெரியாத ஒன்று, இதைக் கண்டுபிடித்துத் தெரிவித்த அணித்தலைவருக்குப் பாராட்டுகள். ஜூன் முதல் அணி 7 ஒருவர் கொண்ட அணியாக இருக்கும். நூற்று நாற்பது தொட்டிகளையும் கோகிலவாணி கவனிப்பார். மற்ற ஆறு பேரும் மே முப்பத்தொன்றோடு விடுவிக்கப்படுகிறார்கள்.

கீழே ஒரு படிவம். பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகும் எங்கள் பெயரில் மரியாதைப் பதில்கள் தொடரச் சம்மதமா என்று கேட்டிருந்தது.

"என்னங்க கூப்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"கோகிலாவுக்கு வேலை இருக்குதாம்," என்றேன்.

தஸ்தகீர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படிவத்தைப் பற்றி மட்டும் பேசினான். "நான் மாட்டேனுங்ணா. என்னைத் தூக்கிப்போட்டுட்டு என் பேரை வெச்சு அது நல்லவனா இருக்கறதுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடோணும்?" மற்ற நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. படிவத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

மே கடைசி ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி சூலூருக்கு வந்தாள், என் வீட்டுக்கு. இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பை நிறைய மாம்பழம், என் மகளுக்கு ஒரு பட்டுப்புடவை. நாலு மாதம் கழித்துக் கல்யாணம் விசாரிக்க வந்திருக்கிறாள். மனைவி அவளைக் கட்டிக்கொண்டு ஆல்பத்தைக் காட்டினாள். ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தாள். எல்லோரும் நிற்கும் படத்தில், தஸ்தகீருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

மனைவி உள்ளே போனதும் சொன்னாள்.

"தனியா இந்த வேலை முடியாதுன்னு எழுதிக் குடுத்துடலாமுன்னுதானுங் சார் இருந்தேன். எழுதியும் வெச்சேன். புள்ளைக்கு இந்த வருசம் காலேஜு."

"கிறுக்கு மாதிரி பேசாத. நீ இருக்கறதுக்குத்தானே இத்தனை பாடு."

"என்னாலதானுங் உங்களுக்கெல்லாம்..."

"உன்னால இல்ல. நான் எழுதினதால."

கைக்குட்டையை மடித்து விரித்து மறுபடி மடித்தாள். "ஒண்ணு கேக்கோணும்ங் சார். தப்பா நெனச்சுக்கக் கூடாது. அந்த மரியாதைப் பதில் பாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "ஏம்மா, அது நானில்லையே."

"தெரியும்ங்."

"நான்தான் எல்லாத்தையும் உங்கிட்டச் சொன்னேனே. அது ஒண்ணுமே இல்லம்மா. வெறும்..."

"தெரியும்ங் சார். தெரிஞ்சுதான் கேக்கறேன்." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "நூத்தி நாப்பது தொட்டிங் சார். காலைல ஆறு மணிக்குக் கதவைத் தெறந்தா சாயங்காலம் வரைக்கும் நான் ஒருத்திதான். மத்தவங்க அஞ்சு பேரும் போட மாட்டேன்னுட்டாங்க, அவங்க கோவம் நியாயந்தானுங். நீங்களும் போடலைன்னா நான் குட்மார்னிங் சொன்னா ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டாங்க. ஆறு பேர் வேண்டாமுங். ஒருத்தர் போதும்."

நான் இருக்கிறேன், நான் தினமும் உனக்குப் பேசுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பதினாறு வருடத்தில் ஒரு முறையாவது வேலை தவிர எதையாவது அவளிடம் கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். சொல்லவில்லை. போனை எடுத்து அவள் கண்ணெதிரிலேயே கையெழுத்தைப் போட்டேன். "ரொம்பத் தேங்க்ஸுங் சார்," என்றாள். அவள் போன பிறகு மாடிக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜூன் முதல் வாரம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எடுத்துவிட்டது. எனக்கு வேலை இல்லை, திரை இல்லை, பந்தலுக்குள் நான் போகவும் வழியில்லை. பத்து மணிக்கு இரண்டாவது காபியைக் குடித்துவிட்டு, கிணத்துக்கடவுப் பக்கம் மரமெல்லாம் சாய்கிறது என்று டிவியில் பார்த்தேன். இனிமேலாவது மனிதனாக இருப்போம் என்று போனை எடுத்து அவள் நம்பருக்கு எழுதினேன். எனக்கு வராத வேலை, நாலு தடவை அழித்து அழித்து எழுதினேன். 'காத்து பலமா அடிக்குதாமேம்மா, அந்த மேக்கு ஜன்னலைச் சாத்திக்க. வெளிய போகாத.'

உடனே பதில் வந்தது.

'காலைலயே சொல்லிட்டீங்ளே சார். அப்பவே சாத்திட்டனுங்.'